கினோவாக் கஞ்சி: ஆண்டிஸ் மலைநாட்டுக் காலை உணவைப் புரிந்துகொள்ள

கினோவா பாக்கெட்டை வாங்கி வருகிறவர்களில் பலர் அதை மதியத்தில், சோற்றுக்குப் பதிலாக, உதிரி உதிரியாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். இரண்டு மூன்று முறை சமைத்ததும் ஏதோ கசக்கிறது, நறநறவென்று இருக்கிறது, குழம்பு இதில் ஒட்டவே மாட்டேன் என்கிறது என்று அலுத்துப்போய் மீதியை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், இதுவரை கினோவாவைத் தொட்டே பார்க்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்த விதை பிறந்தது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில். அங்குள்ள பெரு, பொலிவியா நாடுகளில் அதைக் காலை வேளையில் குழைய வேகவைத்துக் கஞ்சியாகக் குடிக்கும் பழக்கம் இருக்கிறது. கினோவாவை முதன்முதலாகப் பழகுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது அந்த விதையின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

தானியம் மாதிரி, ஆனால் கீரைக் குடும்பம்

அரிசி, கோதுமை, கேழ்வரகு, தினை எல்லாம் புல் இனத்தைச் சேர்ந்தவை. கினோவா புல் அல்ல. அதன் தாவரவியல் பெயர் கீனோபோடியம் கினோவா. நம் சந்தையில் விற்கும் முளைக்கீரை, தண்டுக்கீரை, பாலக், பீட்ரூட் எல்லாம் அதன் குடும்பத்துச் செடிகள். சக்கரவர்த்திக் கீரை இன்னும் நெருக்கம். அதுவும் கினோவாவும் ஒரே பேரினம். ஆண்டிஸ் மலைகளில் கினோவாவின் இளம் இலையையும் கீரையாகச் சமைப்பதுண்டு. செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்து, மஞ்சள், சிவப்பு, ஊதா நிறங்களில் கதிர்போல் குலை தள்ளும். அந்தக் குலையில் உள்ள விதைதான் நாம் வாங்குவது. ஒரு விதை இரண்டு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும்.

புல் இனம் அல்லாத ஒரு செடியின் விதையைத் தானியம்போல வேகவைத்தும் மாவாக்கியும் உண்ணும்போது அதைப் போலித் தானியம் என்கிறார்கள். வடஇந்தியாவில் விரத நாள்களில் சாப்பிடும் ராஜ்கிரா என்ற கீரைவிதையும் இந்த வகைதான். பெயரில் போலி இருந்தாலும் சத்தில் குறை ஒன்றும் இல்லை.

நெல்மணியின் ஓரத்தில் முளை சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு அதுவும் போய்விடும். கினோவாவில் நிலைமை வேறு. நடுவில் மாவுப்பொருள் இருக்க, முளையானது அதைச் சுற்றி ஒரு வளையம்போல் சுருண்டு கிடக்கிறது. விதையின் எடையில் ஏறத்தாழ கால் பங்குக்கும் மேல் இந்த முளைதான். புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் அதில்தான் இருக்கின்றன. மேல்தோலை எவ்வளவு தேய்த்தாலும் முளை போவதில்லை. கினோவா வெந்ததும் ஒவ்வொரு விதையிலிருந்தும் வெள்ளை நூல்போல ஒரு வால் பிரிந்து சுருண்டு நிற்பதைப் பார்க்கலாம். புழுவோ என்று பயந்து கொட்டிவிட்டவர்களும் உண்டு. அதுதான் முளை. வால் பிரிந்துவிட்டது என்றால் விதை வெந்துவிட்டது என்று அர்த்தம்.

மாவுப்பொருளின் தன்மையும் முக்கியம். கினோவாவின் மாவுத் துகள்கள் மிக நுண்ணியவை. ஒன்று அல்லது இரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுதான். அரிசி மாவின் துகள் அதைவிடப் பல மடங்கு பெரியது. இந்த நுண்துகள்கள் குறைந்த வெப்பத்திலேயே நீரை இழுத்துக்கொண்டு கொழகொழப்பாகிவிடுகின்றன. உதிரியாக வேண்டும் என்று நினைக்கிறவருக்கு இது தொல்லை. கஞ்சி காய்ச்சுகிறவருக்கோ வரம். கூடுதல் தண்ணீர் விட்டு இன்னும் பத்து நிமிடம் அடுப்பில் வைத்தால், பாலாடை சேர்த்ததுபோல வழவழப்பான கஞ்சி கிடைக்கிறது. அதில் முளைகள் மட்டும் மெல்லக் கடிபடும்.

இந்தத் தன்மை அது வளரும் இடத்தோடும் ஒத்துப்போகிறது. பெருவும் பொலிவியாவும் பகிர்ந்துகொள்ளும் டிட்டிகாக்கா ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏரியைச் சுற்றிய பீடபூமியில்தான் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கினோவாவைப் பயிராக்கினார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். காய்ந்த பீன்ஸ் போன்றவை அங்கே லேசில் வேகாது. கினோவாவோ அந்தக் குறைந்த கொதிநிலையிலும் சிறிது நேரத்தில் குழைந்துவிடும். விறகும் சாணமும் எரித்துச் சமைத்த ஒரு குளிர்நாட்டுக்கு இதைவிட உகந்த உணவு வேறு என்ன இருக்க முடியும்?

லிமாவின் தள்ளுவண்டிகள்

பெருவின் தலைநகரான லிமாவில் பொழுது விடியும் நேரத்தில் பஸ் நிறுத்தங்களுக்கு அருகிலும் மருத்துவமனை வாசல்களிலும் தள்ளுவண்டிகள் நிற்கும். அவற்றை நடத்துகிறவர்களை எமோலியென்டேரோ என்று அழைக்கிறார்கள். எமோலியென்டே என்பது வறுத்த பார்லி, ஆளிவிதை, மூலிகைகள் போட்டுக் காய்ச்சும் சூடான பானம். அதே வண்டியில் பக்கத்திலேயே இன்னொரு பெரிய பாத்திரத்தில் கினோவா கொதித்துக்கொண்டிருக்கும். கினோவாவோடு ஆப்பிள் துண்டுகள், பட்டை, கிராம்பு, சர்க்கரை எல்லாம் போட்டு, குடிக்கும் பதத்தில் காய்ச்சியது அது. சிலர் அன்னாசித் தோலும் சேர்க்கிறார்கள். ஒரு தம்ளர் கினோவாவும், வெண்ணெய்ப்பழமோ முட்டையோ பாலாடைக்கட்டியோ வைத்த ஒரு ரொட்டியும் இருந்தால் வேலைக்குப் போகிறவரின் காலை உணவு முடிந்தது.

2014-இல் பெரு ஒரு சட்டமே இயற்றியது. தெருவில் எமோலியென்டே, கினோவா, மக்கா என்ற கிழங்கு, கிவிச்சா என்ற கீரைவிதை ஆகியவற்றின் பானங்களைக் காய்ச்சி விற்பவர்களை அது சுயதொழில் செய்யும் குறுந்தொழில் முனைவோராக அங்கீகரித்தது. பிப்ரவரி 20-ஆம் நாளை அந்தப் பானங்களுக்கான நாளாகவும் அறிவித்தது. தள்ளுவண்டிக் கஞ்சிக்கு ஒரு நாடு கொடுத்த இந்த மரியாதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மலைப்பகுதிக்குப் போனால் முறை மாறும். டிட்டிகாக்கா ஏரிக்கரையில் உள்ள பூனோ பகுதியிலும் பொலிவியாவின் பீடபூமியிலும் பெஸ்கே என்ற உணவு உண்டு. கினோவாவை நன்றாகக் குழைய வேகவைத்து, மசித்து, பாலும் உப்பும் சேர்த்து, மேலே பாலாடைக்கட்டியை வைத்துக் கொடுப்பார்கள். துளியும் இனிப்பு இல்லை. காலை உணவுக்கான கினோவா என்றாலே தேனும் பெர்ரிப் பழமும் போட்டதுதான் என்று நினைப்பவர்கள் பெஸ்கேயை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். அதே ஏரிக்கரை ஊர்களில் தெளிந்த சுண்ணாம்பு நீர் சிறிது கலந்து காய்ச்சும் கினோவாக் கஞ்சியும் உண்டு.

பிட்டோ என்பது கினோவாவை வறுத்து அரைத்த மாவு. வெந்நீரிலோ பாலிலோ கரைத்துக் குடித்துவிடலாம், அடுப்பு வேண்டாம். நம் சத்துமாவு போலத்தான். ஆடுமாடு மேய்க்கப் போகிறவர்களும் நெடுந்தூரம் நடப்பவர்களும் கையோடு கொண்டுபோக ஏற்றது. கினோவாப் பொரியும் அங்கே பரவலாகக் கிடைக்கிறது. மூடிய இரும்புக் கலத்தில் விதையைச் சூடாக்கி அழுத்தம் ஏற்றி, சட்டென்று திறந்துவிடுவார்கள். பெரும் வெடிச் சத்தத்தோடு விதைகள் பொரிந்து கொட்டும். அதைத் தயிரோடும் பாலோடும் சாப்பிடுவார்கள். பொரிப்பதற்கென்றே பசங்கல்லா என்ற ரகத்தைத் தேடி வாங்குவார்கள். எல்லாக் கினோவாவும் எல்லாப் பலகாரத்துக்கும் ஆகாது என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

இந்த உணவுக்கு ஒரு கசப்பான காலமும் இருந்தது. ஸ்பானியர்கள் வந்த பிறகு கோதுமையும் பார்லியும் மதிப்பான தானியங்களாயின. கினோவா மலைவாழ் பூர்வகுடிகளின் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நகரத்தார் அதை ஏழைகளின் உணவாகவே பார்த்தார்கள். 1980-களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சிலர் அதை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கினார்கள். விண்வெளிப் பயணங்களில் பயிரிட ஏற்ற செடிகளில் ஒன்றாக 1993-இல் நாசா ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். பொலிவியாவின் முன்மொழிவை ஏற்று 2013-ஆம் ஆண்டைச் சர்வதேசக் கினோவா ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. அந்த ஆண்டையொட்டி விலை தாறுமாறாக ஏறி, பிறகு பல நாடுகளும் பயிரிடத் தொடங்கியதும் சரிந்தது. இந்தியாவில் ராஜஸ்தானில் இப்போது பயிரிடுகிறார்கள். ஆனாலும் உலகச் சந்தையில் பெரும்பகுதி இன்றும் பெருவிலிருந்தும் பொலிவியாவிலிருந்துமே வருகிறது.

கசப்பு எங்கிருந்து வருகிறது

கினோவாவைக் கைவிடுகிறவர்களில் பாதிப் பேர் கசப்பால்தான் கைவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

விதையின் மேல்தோலில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது. பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் நுரை வரக் காரணமானதும் இதே வகைப் பொருள்தான். கினோவாவைத் தண்ணீரில் அலசும்போது சோப்பு நுரைபோல எழுவது அதனால்தான். செடி தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் கவசம் அது. பறவைகள் கசப்பான ரகங்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. கசப்பில்லாத ரகங்களும் உண்டு, ஆனால் அவற்றை விளைவிப்பவர் பறவைகளோடு போராட வேண்டும்.

பொலிவியாவின் தென்பகுதியில் உயுனி, கொய்பாசா என்ற இரண்டு பெரிய உப்புப் பாலைவனங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றிய உவர்நிலத்தில், உறைபனிக்கும் வறட்சிக்கும் நடுவே விளைவதுதான் கினோவா ரியால் என்ற பெரிய மணி ரகம். ரியால் என்றால் அரசருக்குரியது. அந்த மணியில் சபோனினும் கூடுதல். அதை எடுக்க அங்குள்ள பெண்கள் பரம்பரையாகச் செய்துவந்த வேலை சாதாரணமானதல்ல. விதையை முதலில் லேசாக வறுப்பார்கள். சூடு ஆறும் முன்பே, குழிந்த கல்லில் கொட்டி, ஒரு வகை வெண்மண்ணைக் கலந்து, காலால் மிதித்து மிதித்துத் தோலை உரிப்பார்கள். பிறகு காற்றில் தூற்றி, நுரை நிற்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, மறுபடி வெயிலில் உலர்த்த வேண்டும். சில கிலோ கினோவாவுக்கே ஒரு முழு நாள் உழைப்பு போய்விடும். கழுவிய நீரையும் அவர்கள் வீணாக்குவதில்லை. துணி துவைக்கவும் தலை அலசவும் அது பயன்பட்டது.

இன்று இந்த வேலையை இயந்திரங்கள் செய்கின்றன. கடைக்கு வரும் கினோவா பெரும்பாலும் தோல் நீக்கிக் கழுவப்பட்டதுதான். இருந்தாலும் பாக்கெட்டில் கழுவியது என்று போட்டிருந்தால்கூட நீங்கள் ஒருமுறை கழுவிவிடுங்கள். விதைகளின் இடுக்கில் சபோனின் தூள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சோற்றுக்கு அரிசி களைவதுபோலப் பாத்திரத்தைச் சாய்த்து வடித்தால் பாதி விதை தண்ணீரோடு ஓடிவிடும், அவ்வளவு சிறியது. கண் நெருக்கமான வடிகட்டி வேண்டும். ஒரு கிண்ணத்தில் விதையைப் போட்டுத் தண்ணீர் விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். முதல் தண்ணீர் கலங்கலாக, மேலே வெள்ளை நுரையோடு நிற்கும். வடிகட்டியில் ஊற்றி, குழாயடியில் பிடித்து அலசுங்கள். மீண்டும் கிண்ணத்தில் போட்டுத் தேயுங்கள். மூன்றாவது, நான்காவது தண்ணீரில் நுரை நின்று தண்ணீர் தெளிந்துவிடும். நின்றுவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு விதையை வாயில் போட்டு மெல்லுங்கள். நாக்கின் பின்பகுதியில் கசப்பு ஏறாவிட்டால் போதும். ஊறவைக்க விரும்பினால் இதற்குப் பிறகு ஊறவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். கழுவாமல் ஊறவைத்தால் கசப்பு தண்ணீரில் கரைந்து விதைக்குள்ளேயும் போய்விடும்.

கஞ்சி காய்ச்சும் முறை

முதலில் கெட்டியான பால் கஞ்சி. இரண்டு பேருக்கு அரை தம்ளர் கினோவா போதும். வெள்ளைக் கினோவாவே இதற்கு ஏற்றது. சிவப்பும் கருப்பும் தோல் தடித்தவை. எவ்வளவு வெந்தாலும் மணி உடையாமல் நிற்கும், கஞ்சி வழவழப்பாக வராது. அவற்றைப் பிறகு, கடித்துச் சாப்பிடும் உணவுகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கழுவிய கினோவாவை வெறும் வாணலியில் போட்டு, ஈரம் வற்றி லேசாக மணம் வரும்வரை புரட்டுங்கள். இது கட்டாயமில்லை, ஆனால் பச்சை வாடை இதில் போய்விடும். பிறகு இரண்டரை தம்ளர் தண்ணீரும் ஒரு துண்டுப் பட்டையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாதி மூடிவிடுங்கள். சுமார் 15 நிமிடத்தில் வால் பிரியத் தொடங்கும். உதிரிச் சமையல் செய்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்துவார்கள். நாம் நிறுத்தக்கூடாது. இன்னும் பத்து நிமிடம், அவ்வப்போது கரண்டியின் அடிப்பாகத்தால் பாத்திரத்தின் சுவரில் மசித்துவிட்டுக் கிளறுங்கள். தண்ணீர் பத்தாவிட்டால் வெந்நீர் சேர்க்கலாம். மணிகளுக்கு நடுவே நீர் தெளிவாகத் தெரிந்தது போய், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கொப்புளமிட்டுக் கொதிக்கும். அப்போது ஒரு தம்ளர் காய்ச்சிய பாலை ஊற்றி, ஐந்து நிமிடம் வைத்து இறக்குங்கள்.

தொடக்கத்திலேயே பாலில் வேகவைக்கக் கூடாதா என்று கேட்பார்கள். வேகவைக்கலாம், ஆனால் நேரம் அதிகமாகும், அடியும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் குழையவிட்டுப் பிறகு பால் சேர்ப்பதே சுலபம். வெல்லம் போடுவதாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு சற்றுத் தணிந்த பிறகு போடுங்கள். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் திரிந்துவிடக்கூடும். ஆண்டிஸ் நாடுகளிலும் சங்காகா என்ற கரும்பு வெல்லக் கட்டியைத்தான் பல இனிப்புகளுக்குப் போடுகிறார்கள் என்பதால், வெல்லம் இந்தக் கஞ்சிக்கு அந்நியமான சேர்க்கை அல்ல.

லிமா வண்டிக்காரர் பாணியில் குடிக்கும் பதத்துக்கு வேண்டுமானால், அதே அரை தம்ளர் கினோவாவுக்கு ஏழு தம்ளர் தண்ணீர் வையுங்கள். இரண்டு ஆப்பிளைத் தோலோடு நறுக்கிப் போட்டு, ஒரு பட்டை, மூன்று நான்கு கிராம்பு சேர்த்து முக்கால் மணி நேரம் சிறு தீயில் காய்ச்ச வேண்டும். ஆப்பிள் கரைந்து, கினோவா மலர்ந்து, ரசத்தைவிடக் கெட்டியாக, கூழைவிட நீர்க்க இருக்கும்போது சர்க்கரை போட்டு இறக்கலாம். இதற்குப் பால் வேண்டாம். ஆப்பிளின் புளிப்பில் பால் திரிந்துவிடும், தவிர அதன் தேவையும் இல்லை. நான் செய்கிற முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காய்ச்சல் விட்டெழுந்தவருக்கும், காலையில் மென்று சாப்பிட மனமில்லாத முதியவருக்கும் தயங்காமல் கொடுக்கலாம்.

பெஸ்கே செய்ய, கெட்டிக் கஞ்சியில் இனிப்பைத் தவிர்த்து உப்பு மட்டும் சரியாகப் போட்டு, மசித்து, கொஞ்சம் பாலும் ஒரு கரண்டி வெண்ணெயும் கலந்து, பாலாடைக்கட்டியைத் துருவிப்போட வேண்டும். அங்கே கிடைப்பது உப்பிட்ட வெள்ளைப் பாலாடைக்கட்டி. பனீர் பயன்படுத்தினால் உப்பைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

காலையில் நேரமில்லை என்பவர்கள் முந்தின இரவே கினோவாவைத் தண்ணீரில் மட்டும் வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். மூன்று நாள் தாங்கும். ஆறியதும் இறுகிக் கட்டியாகிவிடும். காலையில் பாலோ வெந்நீரோ விட்டு உடைத்துச் சூடாக்கினால் மறுபடி இளகி வந்துவிடும். குக்கரில் வைப்பதும் உண்டு. ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் விட்டு இரண்டு விசில் வந்ததும் இறக்கி, ஆவி தானாக அடங்கவிட்டால் குழைந்திருக்கும். ஆனால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, நுரைத்துக்கொண்டு விசில் வழியே வெளியே வந்துவிடும்.

பெட்டிகளில் கினோவா அவல் கிடைக்கிறது. விதையை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக அழுத்தி உலர்த்தியது. மூன்று நிமிடத்தில் கஞ்சியாகிவிடும், அவசரத்துக்கு நல்லது. குளிர்ந்த பாலில் கொட்டிச் சாப்பிடும் கலவைப் பெட்டிகளில் மட்டும் கவனம் தேவை. முன்பக்கம் கினோவா என்று பெரிய எழுத்தில் இருக்கும். திருப்பிப் பார்த்தால் சோளமும் சர்க்கரையும் முதலில் வந்து, கினோவா கடைசியில் சிறு பங்காக நிற்கும். பொருள்களின் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் எழுதப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற வேண்டியதில்லை.

உண்மையில் எவ்வளவு சத்து

வேகாத கினோவா 100 கிராமில் சுமார் 14 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து, 6 கிராம் கொழுப்பு, 64 கிராம் மாவுச்சத்து இருக்கின்றன. இரும்பு நாலரை மில்லிகிராம் அளவிலும், மெக்னீசியம் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கும். ஒருவர் காலையில் சாப்பிடும் கஞ்சிக்கு 35 முதல் 50 கிராம் விதை ஆகும். ஆகவே ஒரு கிண்ணத்தில் கிடைப்பது 5 முதல் 7 கிராம் புரதம். பால் சேர்த்தால் இன்னும் சில கிராம். இது நல்ல அளவு, ஆனால் விளம்பரங்கள் சொல்வதுபோல மலைக்கத்தக்க அளவல்ல. ஓட்ஸிலும் இதே அளவு புரதம் இருக்கிறது. கார்ன்ஃப்ளேக்ஸில்தான் இதில் பாதி.

கினோவாவின் தனிச்சிறப்பு புரதத்தின் தரம். நம் உடல் தானே தயாரித்துக்கொள்ள முடியாத ஒன்பது அமினோ அமிலங்களும் அதில் இருக்கின்றன. முக்கியமாக லைசின். அரிசியிலும் கோதுமையிலும் சோளத்திலும் குறைவாக இருப்பது அந்த லைசின்தான். கறியும் முட்டையும் அரிதாகக் கிடைத்த மலைக்கிராமங்களில் இந்த ஒரு விதை எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்! பொலிவியாவில் இன்றும் பள்ளிக் குழந்தைகளின் காலை உணவுத் திட்டங்களில் கினோவாவைச் சேர்ப்பதற்கும் இது ஒரு காரணம்.

அதே சமயம், நம் வீடுகளில் அரிசியோடு பருப்பு சேர்கிறது. இட்லியில் உளுந்து, பொங்கலில் பாசிப்பருப்பு. அந்தப் பருப்புகளில் லைசின் தாராளமாக உண்டு, அரிசியின் குறையை அவை நிரப்பிவிடுகின்றன. கேழ்வரகில் கினோவாவைவிடச் சுமார் ஏழு மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தினையில் புரதம் கினோவாவுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. விலையோ ஒப்பிடவே முடியாது. எனவே கினோவா வாங்கவில்லையே, குழந்தைக்கு ஏதோ குறைந்துவிடுமோ என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. சுவைக்காகவும், காலையில் ஒரு மாறுதலுக்காகவும், வேறு ஒரு மக்களின் அருமையான உணவை அறிந்துகொள்ளவும் வாங்குங்கள். அதற்கு அது முழுத் தகுதி உள்ளது.

கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் கினோவாவின் பயன் கூடுதல். அதில் இயற்கையாகவே குளூட்டன் கிடையாது. ஆனால் ஒரே ஆலையில் கோதுமையும் அரைபட்டிருந்தால் கலந்துவிடலாம் என்பதால், சீலியாக் நோய் (குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் நோய்) உள்ளவர்கள் குளூட்டன் இல்லாதது என்று சான்று போட்ட பாக்கெட்டையே வாங்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதையும் மாவுச்சத்து உணவாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அளவு பார்த்துச் சாப்பிடுங்கள், வெல்லத்தைத் தவிருங்கள். அவர்களுக்குப் பெஸ்கே பொருத்தம். கீரைக் குடும்பத்துச் செடி என்பதால் கினோவாவில், சிறுநீரகக் கல் உண்டாகக் காரணமாகக்கூடிய ஆக்சலேட் என்ற பொருள் உண்டு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

முதன்முறை சாப்பிடும்போது சிலருக்கு வயிறு உப்பலாக இருக்கும். பெரும்பாலும் சரியாகக் கழுவாததும், பழக்கமில்லாத வயிற்றுக்கு ஒரேயடியாக நார்ச்சத்து அதிகம் போவதும்தான் காரணம். ஒரு வாரம் அரைக் கிண்ணம் அளவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதும் பெரிய பாக்கெட் வேண்டாம், கால் கிலோ போதும். முளையில் உள்ள கொழுப்பு காரணமாக நாள்பட்டால் சிக்கு வாடை வந்துவிடும். கண்ணாடிப் புட்டியில் காற்றுப் புகாமல் மூடி வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் சில மாதங்கள் கெடாமல் இருக்கும். வெயில் காலத்தில் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது இன்னும் பாதுகாப்பு.